வரி போனது, சேமிப்பும் போகலாமா?

மார்ச் மாதம் வந்தால் மாதச் சம்பளக்காரர் வீடுகளில் ஒரே பரபரப்பாக இருக்கும்.

"ஆபீசில் ரசீது கேட்கிறார்கள்" என்பார் கணவர். இன்சூரன்ஸ் ரசீது, தபால் ஆபீஸ் பாஸ் புத்தகம், பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பள ரசீது எல்லாவற்றையும் மனைவி பெட்டியிலிருந்து தேடி எடுப்பார். ரசீது போதவில்லை என்றால், கைமாற்று வாங்கியாவது சேமிப்புக் கணக்கில் பணம் கட்டுவார்கள்.

அது வரிக்குப் பயந்து சேர்த்த பணம். ஆனால் அதே பணம்தான் பின்னால் பெண்ணின் கல்யாணத்துக்கும், தலை நரைத்த பிறகு மருந்துச் செலவுக்கும் கை கொடுத்தது.

இப்போது பல வீடுகளில் அந்தப் பரபரப்பு இல்லை. அவர்களுக்கு வரியே இல்லை!

12 லட்சம் வரை

2020-ம் ஆண்டில் சர்க்கார் "புதிய வரி முறை" ஒன்றைக் கொண்டு வந்தது. அதில் வரி விகிதம் குறைவு. ஆனால் சேமிப்புக்குக் கிடைத்து வந்த சலுகைகள் பெரும்பாலும் கிடையாது. பழைய முறையையும் சர்க்கார் எடுத்துவிடவில்லை. 2023-24 முதல், "பழைய முறைதான் வேண்டும்" என்று கேட்டு வாங்காதவர்கள் எல்லோருக்கும் புதிய முறைப்படியே கணக்குப் பார்க்கப்படுகிறது.

2025-ம் ஆண்டு பட்ஜெட்டில் இன்னொரு பெரிய மாற்றம் வந்தது. 2025-26 முதல் புதிய முறையில், வருஷ வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வரி இல்லை. சம்பளக்காரருக்கு 75 ஆயிரம் ரூபாய் கழிவும் உண்டு. ஆகவே 12 லட்சத்து 75 ஆயிரம் வரை சம்பளம் வாங்குகிறவர் வரி கட்ட வேண்டாம்.

பங்கு விற்ற லாபம், லாட்டரிப் பரிசு போன்றவற்றுக்குக் கணக்கு வேறு. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், வரி இல்லாவிட்டாலும் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். இந்த இரண்டையும் மறக்கக் கூடாது.

ஒரு குமாஸ்தாவின் கணக்கு

மாதம் 50 ஆயிரம் ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 6 லட்சம்.

பழைய முறையில் அவருக்கு 50 ஆயிரம் கழிவு போக, 5 லட்சத்து 50 ஆயிரம் மிஞ்சும். அவர் ஒன்றும் சேமிக்காவிட்டால் வரி 23,400 ரூபாய். சேமிப்புக் கணக்கில் 50 ஆயிரம் கட்டிவிட்டால் வருமானம் 5 லட்சமாகக் குறையும். வரி ஒரு காசு கூட இல்லை.

50 ஆயிரம் சேமித்தால் 23,400 மிச்சம்! யார்தான் சேமிக்க மாட்டார்கள்?

புதிய முறையில் அவர் சேமித்தாலும் வரி இல்லை. சேமிக்காவிட்டாலும் வரி இல்லை. முன்பு பாஸ் புத்தகத்துக்குப் போன 50 ஆயிரம் இப்போது கையிலேயே இருக்கிறது.

கையில் இருக்கும் பணம் தங்குமா? புது செல்போன் வரும். தவணையில் மோட்டார் சைக்கிள் வரும். வருஷக் கடைசியில் பார்த்தால் வரியும் இல்லை, சேமிப்பும் இல்லை!

காலம் செய்யும் வேலை

"50 வயதுக்கு மேல் பார்த்துக் கொள்ளலாம்" என்பவர்கள் பலர். அவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும்.

"அடல் பென்ஷன்" என்ற திட்டத்தைச் சர்க்கார் 2015-ல் தொடங்கியது. 18 முதல் 40 வயது வரை உள்ளவர்கள் பாங்கியிலும் தபால் ஆபீசிலும் சேரலாம். 60 வயதிலிருந்து மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை பென்ஷன் கிடைக்கும்.

5,000 ரூபாய் பென்ஷனுக்கு, 18 வயதில் சேருகிறவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 40 வயதில் சேருகிறவர் மாதம் 1,454 ரூபாய் கட்ட வேண்டும்.

முன்னவர் 42 வருஷத்தில் கட்டுவது சுமார் 1 லட்சத்து 6 ஆயிரம். பின்னவர் 20 வருஷத்தில் கட்டுவது சுமார் 3 லட்சத்து 49 ஆயிரம். இருவருக்கும் கிடைப்பது ஒரே பென்ஷன்! மூன்று மடங்குக்கு மேல் கொடுப்பது தாமதத்துக்கு அபராதம்.

2022 அக்டோபர் 1 முதல் வருமான வரி கட்டுகிறவர்கள் இதில் சேர முடியாது. கூலி வேலை செய்பவர், சிறு கடைக்காரர், வீட்டு வேலை செய்யும் பெண்கள் போன்றவர்களுக்கு ஏற்ற திட்டம் இது. ஆனால் 5,000 ரூபாயை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினால், 12 வருஷத்தில் எல்லாம் இரட்டை விலை ஆகிவிடும்.

ஆயிரம் ரூபாய் என்ன செய்யும்?

பி.பி.எப். என்ற பொதுச் சேமநல நிதி 1968-ல் ஏற்பட்டது. வருஷத்துக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகம் 1½ லட்சம் கட்டலாம். கணக்கு 15 வருஷம். பிறகு ஐந்து ஐந்து வருஷமாக நீட்டிக்கலாம். 2025-26-ல் வட்டி 7.1 சதவீதம். எந்த முறையில் கணக்குக் கொடுத்தாலும் இந்த வட்டிக்கு வரி இல்லை. கடன்காரர் கோர்ட்டில் டிகிரி வாங்கினாலும் இந்தக் கணக்கை ஜப்தி செய்ய முடியாது.

மாதம் ஆயிரம் வீதம் எடுத்து வைத்து, ஏப்ரல் தொடக்கத்தில் 12 ஆயிரமாகக் கட்டுகிறார் ஒருவர். இதே வட்டி நீடித்தால் 15 வருஷத்தில் சுமார் 3 லட்சத்து 25 ஆயிரம் சேரும். அவர் இன்னும் 15 வருஷம் விடாமல் கட்டினால்?

சுமார் 12 லட்சத்து 36 ஆயிரம்! அவர் கையிலிருந்து போட்டது 3 லட்சத்து 60 ஆயிரம்தான். மீதி எல்லாம் வட்டியும், வட்டிக்கு வட்டியும்.

ஏப்ரல் 5-ந் தேதிக்குள் கட்டினால் அந்த மாதத்துக்கும் வட்டி உண்டு. மார்ச் கடைசியில் கட்டினால் வருஷ வட்டி போய்விடும்.

பி.எப். பணத்தை உடைக்காதீர்கள்

கம்பெனியிலும் ஆலையிலும் வேலை செய்பவர்களுக்குப் பி.எப். உண்டு. சம்பளத்தில் 12 சதவீதம் பிடிப்பார்கள். முதலாளியும் அதே அளவு போட வேண்டும். முதலாளியின் பங்கில் ஒரு பகுதி பென்ஷனுக்குப் போகிறது. 10 வருஷ சேவை இருந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன் கிடைக்கும்.

இளைஞர்கள் பலர் வேலை மாறும்போதெல்லாம் இந்தப் பணத்தை எடுத்துச் செலவழித்து விடுகிறார்கள். இதில் இரண்டு நஷ்டம். 5 வருஷத் தொடர் சேவைக்கு முன்னால் எடுத்தால் அதற்கு வரி உண்டு. பென்ஷனுக்கான சேவையும் அறுந்து போகலாம். பழைய கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொண்டால் இரண்டு நஷ்டமும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு

ஓய்வு பெறும் நாளில் மொத்தமாகப் பணம் வரும். அப்போதுதான் ஏமாற்றுக்காரரும் வருவார். "நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி" என்று ஆசை காட்டுவார். அவர் பேச்சைக் கேட்டு முதலையே இழந்தவர்கள் எத்தனையோ பேர்.

60 வயதானவர்களுக்குச் சர்க்காரே மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் வைத்திருக்கிறது. ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2025-26-ல் வட்டி 8.2 சதவீதம். 10 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 20,500 ரூபாய் கிடைக்கும்.

இந்த வட்டி வருமானத்தில் சேரும். வருஷ வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால் முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். வரி கட்டும் அளவு வருமானம் இல்லாத முதியவர், வருஷத் தொடக்கத்திலேயே உறுதிமொழிப் படிவம் எழுதிக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள்.

முதல் செலவு எது?

12 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்கள், வீட்டுக் கடனும் வாடகையும் இருந்தால், இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எது லாபமோ அதை எடுத்துக்கொள்ளலாம். மாதச் சம்பளக்காரர் இதை வருஷா வருஷம் மாற்றிக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு வரிக் கணக்கு எளிதாகிவிட்டது. வாழ்க்கைக் கணக்கு எளிதாகவில்லை!

வரி என்பது பிரம்பு பிடித்த வாத்தியார் மாதிரி. அடிக்குப் பயந்து எல்லோரும் பாடம் படித்தார்கள். வாத்தியார் இப்போது வகுப்பில் இல்லை. பரீட்சை மட்டும் 60 வயதில் கட்டாயம் வரும்.

சம்பளம் வந்த அன்றே, அரிசிக்கும் வாடகைக்கும் எடுத்து வைப்பது போல், முதுமைக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்க வேண்டும். மிச்சம் இருந்தால் சேமிக்கலாம் என்று காத்திருந்த வீட்டில் மிச்சம் இருந்ததே இல்லை.