மன்னார்குடி

மன்னார்குடி, தமிழ்நாட்டின் திருவாரூர் மாவட்டத்தில் உள்ள நகராட்சியும் வட்டத் தலைநகரும் ஆகும். நகராட்சி 1866-இல் தொடங்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 66,999. முன்பு தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டத்திலும் 1997-இல் திருவாரூர் மாவட்டத்திலும் சேர்ந்தது.

நகரின் செல்வத்துக்கு அடிப்படை ஆற்று நீர்தான். கல்லணையில் பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலம் அருகே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகிறது. இவற்றுள் பாமணியாறு மன்னார்குடிப் பகுதிக்குப் பாசனம் தந்து, முத்துப்பேட்டை காயலை நோக்கிச் செல்கிறது.

சோழர் காலத்தில் இவ்வூர் இராசாதிராச சதுர்வேதிமங்கலம் எனப்பட்டது. சதுர்வேதிமங்கலம் என்பது வேதம் வல்ல அந்தணர்களுக்கு நிலத்துடன் அளிக்கப்பட்ட குடியிருப்பு. வயலில் விளைந்ததை வைத்து வாழ்ந்த ஊர் எனலாம். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் எழுந்த இராசகோபாலசுவாமி கோயிலைத் தஞ்சை நாயக்கர்கள் பெரிதாக்கினர். விசயராகவ நாயக்கர் (ஆட்சி: 1633–1673) இப்பெருமாள் மீது கொண்ட பற்றினால் 'மன்னாருதாசன்' எனப் பெயர் பூண்டார். 'மன்னார்குடி மதிலழகு' என்ற வழக்கு இக்கோயிலின் உயர்ந்த மதிலைக் குறிக்கும். ஏறத்தாழ 23 ஏக்கர் பரப்புள்ள தெப்பக்குளத்துக்கு அரித்திராநதி என்று பெயர். குளத்தை நதி என்று அழைப்பது அதன் அளவைப் பார்த்தவர்களுக்கு மிகையாகத் தோன்றாது.

குளக்கரையிலும் மாடவீதிகளிலும் வாழ்ந்த மிராசுதார்களின் வளம், பண்ணையாட்களின் உழைப்பில் விளைந்தது. சாகுபடிதாரர்களையும் பண்ணையாட்களையும் நினைத்தபடி வெளியேற்றுவதைத் தடுக்கத் தஞ்சை மாவட்டத்துக்கெனத் தனிச்சட்டம் 1952-இல்தான் வந்தது.

வயல்களுக்கு அடியில் பழுப்பு நிலக்கரிப் படிவுகள் உள்ளன. அவற்றிலிருந்து மீத்தேன் எடுக்க 'மன்னார்குடி வட்டாரம்' என்ற பெயரில் 2010-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. நிலக்கரியில் தங்கியுள்ள வாயு வெளிவர வேண்டுமானால், அதை அழுத்திக்கொண்டிருக்கும் நிலத்தடி நீரை முதலில் இறைத்து வெளியேற்ற வேண்டும். மேட்டூரில் தண்ணீர் குறையும் ஆண்டுகளில் ஆழ்குழாய்க் கிணறுகளையே நம்பியிருக்கும் உழவர்கள் இதை எதிர்த்தனர். இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று இத்திட்டத்துக்கு எதிராகப் பேசினார். அப்பணியின் நடுவே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே காலமானார். தமிழ்நாடு அரசு 2015-இல் திட்டத்துக்குத் தடை விதித்தது. 2020-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ், திருவாரூர் மாவட்டம் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலத்துக்குள் வந்தது. புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுக்கும் எடுப்புக்கும் அங்கு அனுமதியில்லை. ஏற்கெனவே இயங்கிவந்த கிணறுகளை அச்சட்டம் தொடவில்லை.