சம்பளம் ஏறினால் வரி விகிதமும் ஏறலாமா?

மாதம் 12,000 ரூபாய்க்கு வீட்டுவேலை செய்பவரும், 2 லட்சம் ரூபாய் சம்பாதிக்கும் அந்த வீட்டுக்காரரும் 299 ரூபாய்க்கு செல்போன் ரீசார்ஜ் செய்கிறார்கள். இருவருக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். 299-க்குள் சுமார் 45 ரூபாய் வரி. ஆனால் வருமானத்தோடு ஒப்பிட்டால், வேலை செய்பவரின் சுமை 16 மடங்குக்கும் அதிகம்.

பொருள் மீதான வரி வாங்குபவரின் நிலையைப் பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பது வருமான வரி. வருமானம் கூடக்கூட விகிதமும் கூடுவதால் இதை 'வளர்வீத வரி' என்கிறோம்.

கணக்கு எப்படி?

2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்தடுத்த ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம். 24 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு 30. சம்பளம் போன்ற வழக்கமான வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால், தள்ளுபடி போக எதுவும் கட்ட வேண்டாம்.

இன்க்ரிமென்ட் வந்தால் மொத்தச் சம்பளத்துக்கும் அதிக வரி விழும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது தவறு. மேல் அடுக்கின் விகிதம் அந்த அடுக்கில் விழும் தொகைக்கு மட்டுமே. வரிக்குரிய வருமானம் 16 லட்சம் என்றால் வரி 1.2 லட்சம், அதாவது 7.5 சதவீதம். 24 லட்சம் என்றால் 3 லட்சம், 12.5 சதவீதம். வரியின் மேல் கூடுதலாக விதிக்கும் செஸ் தனி.

அளவு மீறினால்?

1973-74-இல் சர்சார்ஜ் எனும் மேல்வரியும் சேர்த்து வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 சதவீதம். கடைசியாகச் சம்பாதித்த 100 ரூபாயில் கையில் நிற்பது 2.25 ரூபாய். இத்தகைய விகிதங்களே வரி ஏய்ப்பைத் தூண்டுகின்றன என்று நேரடி வரிகளை ஆராய்ந்த வாஞ்சூ குழு 1971-லேயே எச்சரித்திருந்தது. 1974-இல் விகிதம் குறைக்கப்பட்டது, 1997-இல் ப.சிதம்பரத்தின் பட்ஜெட் அதை 30 ஆக்கியது. ஆக, விகிதம் ஏறலாம். ஒளித்துவைக்கத் தூண்டும் அளவுக்கு ஏறக் கூடாது.

யாருக்குப் பலன்?

நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, பகிர்வுக்குரிய மத்திய வரிகளில் 41 சதவீதம் மாநிலங்களுக்குச் சேர்கிறது. பெரும் வருமானக்காரர்களிடம் வாங்கும் சர்சார்ஜும், எல்லோரும் கட்டும் செஸ்ஸும் இந்தப் பங்கீட்டில் வராதது பெரிய குறை. அரசுப் பள்ளியையும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் நடத்துவது மாநிலங்கள்தானே!

வீட்டுவேலை செய்பவரின் மகள் அரசுக் கல்லூரியில் படித்து நர்ஸ் ஆகலாம். நாளை அந்த வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்தால், ராத்திரி கண்விழித்துப் பார்த்துக்கொள்வது அவளாக இருக்கலாம். அவர் கட்டிய வரி அவரிடமே திரும்பி வரும் வழி இது.