ஆபீசர் மாறினால் போதுமா? குரும்பப்பட்டி மிருகக்காட்சி சாலையின் கதி என்ன?

நாமகிரிப்பேட்டை—

பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும். நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் வட்டாரத்துப் பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்து விடும். "அப்பா, மிருகம் பார்க்கப் போலாமா?"

சென்னை வண்டலூருக்குக் குடும்பத்தோடு போய் வர எத்தனை பேருக்குக் கட்டுபடி ஆகும்? சேலம் பஸ் ஏறி, அங்கிருந்து கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரம் போனால் குரும்பப்பட்டி. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு காலையில் போய் சாயங்காலம் திரும்பி விடலாம். மஞ்சள் மண்டி கூலிக்கும், மளிகைக் கடை சிப்பந்திக்கும் அதுதான் வண்டலூர்.

1981ல் ஆரம்பித்த பூங்கா இது. புள்ளிமான், கடமான், முதலை, மலைப்பாம்பு, குரங்கு, மயில், கிளி என்று பார்க்க இருக்கிறது. ஆனால் போய் வந்தவர்கள் பல வருஷமாகச் சொன்ன குறை ஒன்றுதான். "சிங்கம் இல்லை, புலி இல்லை, இதென்ன மிருகக்காட்சி சாலை?"

அதற்கும் வழி பிறந்தது. "சிறு பூங்கா" என்ற வகையில் இருந்ததை "நடுத்தர பூங்கா"வாக உயர்த்துவது, பக்கத்துக் காப்புக்காட்டில் இடம் சேர்த்து விரிவாக்குவது என்று தமிழக அரசு முடிவெடுத்தது.

சந்தோஷமான செய்திதான். ஆனால் கூண்டைப் பெரிசாக்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சாவி யார் கையில்? அந்தக் கை எத்தனை நாளைக்கு அங்கே இருக்கும்?

ஒரு உயிர் போன கதை

2019ம் வருஷத்தை சேலத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குரும்பப்பட்டியில் ஆண்டாள் என்று ஒரு வயதான யானை இருந்தது. முன்பு கோவில் யானையாக இருந்தது. அந்த யானை தாக்கி, அதைப் பராமரித்து வந்த பாகன் உயிரிழந்தார். பிறகு யானையை ஆனைமலைப் பக்கம் வனத்துறை முகாமுக்குக் கொண்டு போனார்கள்.

மிருகக்காட்சி சாலையில் யானையே வைக்கக் கூடாது, காட்டு முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் உத்தரவு போட்டது 2009ல். பாகன் செத்தது 2019ல். நடுவில் பத்து வருஷம்!

இந்த ஆபீசர் குற்றவாளி, அந்த ஆபீசர் குற்றவாளி என்று யாரையும் இங்கே நிறுத்தவில்லை. ஆனால் பத்து வருஷத்தில் எத்தனை நாற்காலி மாறியிருக்கும்? ஃபைல் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போகும்போது, யானையும் பாகனும் அதே கொட்டடியில்தான் இருந்தார்கள்.

சென்னையில் நடந்தது என்ன?

மூர் மார்க்கெட் பின்னால் மிருகக்காட்சி சாலை பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் கதையைக் கேளுங்கள்.

1855ல் எட்வர்ட் பால்ஃபர் என்ற வெள்ளைக்கார டாக்டர் தொடங்கியது அது. எழும்பூர் மியூசியத்துக்கு அப்போது அவர்தான் தலைவர். ஆற்காட்டு நவாபின் மிருகங்களைக் கேட்டு வாங்கி மியூசியம் தோட்டத்தில் வைத்தார். கூட்டம் அலைமோதியது. 1860களில் மிருகங்கள் நகராட்சி கைக்குப் போயின. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க், 116 ஏக்கர் தோட்டம். மிருகங்களுக்கு அங்கே இடம் கொடுத்தார்கள்.

அப்புறம் என்ன ஆச்சு? தோட்டத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றார்கள். விக்டோரியா ஹால் அங்கே வந்தது. 1900ல் மூர் மார்க்கெட் வந்தது. 1913ல் ரிப்பன் கட்டடம் வந்தது. ஸ்டேடியம் வந்தது. கடைசியில் மிருகங்களுக்கு மிஞ்சியது ஒரு மூலை. ரயில் சத்தம், பஸ் புகை, ஜனக்கூட்டம். சிங்கம் எப்படித் தூங்கும்?

பூங்காவும் கார்ப்பரேஷனுடையது, பூங்கா நிலத்தைக் கடித்ததும் கார்ப்பரேஷன் வேலைதான். ரோடு, சாக்கடை, குடிதண்ணீர், குப்பை எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் மிருகத்துக்கு முறை வரும். அது கார்ப்பரேஷன் தப்பு என்று சொல்ல முடியாது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் ஜனங்கள் காலிக் குடத்தோடு ரோட்டுக்கு வருவார்கள். கரடிக்குக் கூண்டு போதவில்லை என்று எந்தக் கரடி மறியல் செய்யும்?

மாறுதல் வந்தது 1979ல். வனத்துறை வேலையைக் கையில் எடுத்தது. ஏழரைக் கோடி ரூபாய் செலவில் வண்டலூர் காப்புக்காட்டில் புதுப் பூங்கா. 1985 ஜூலை 24ந் தேதி முதல்வர் எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார். அதே வருஷம் மே மாதக் கடைசியில்தான் மூர் மார்க்கெட் எரிந்து சாம்பலானது என்பதை வாசகர்கள் ஞாபகப்படுத்திக் கொள்ளலாம்.

வண்டலூர் பூங்காவின் பரப்பு 510 ஹெக்டேர். அதாவது 1,260 ஏக்கர். பிறகு மீட்கப்பட்ட மிருகங்களுக்காக இன்னும் 92 ஹெக்டேர் சேர்ந்தது. அறிஞர் அண்ணா பெயரில் இன்று நாட்டிலேயே பெரிய பூங்காக்களில் ஒன்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு ஆபீசரை எடுத்து இன்னொரு ஆபீசரைப் போட்டதால் இது நடக்கவில்லை. பொறுப்பு கை மாறியது. அதோடு இடமும் வந்தது. பணமும் வந்தது. மூன்றும் சேர்ந்து வந்ததால் பிழைத்தது.

கோவை மூடிய கதை

மூன்றும் வராவிட்டால் என்ன ஆகும்? கோயமுத்தூருக்குப் போவோம்.

வ.உ.சி. பூங்கா மிருகக்காட்சி சாலை. 1965ல் வந்தது. கோவை மாநகராட்சி நடத்தியது. ஊருக்கு நடுவே, காந்திபுரத்திலிருந்து கூப்பிடு தூரம். பெலிக்கன் பறவை, மான், முதலை, பாம்பு, குரங்கு எல்லாம் இருந்தன. இரண்டு தலைமுறைக் கோவைப் பிள்ளைகள் அங்கேதான் முதல் முதலாக முதலையைப் பார்த்தார்கள்.

பரப்பு எவ்வளவு தெரியுமா? ஐந்து ஏக்கர்கூடத் தேறாது. நாமகிரிப்பேட்டையில் ஒரு சுமாரான விவசாயியின் மஞ்சள் தோட்டம்!

இடம் போதாது என்று மத்திய ஆணையம் எச்சரித்தது. கமிஷனர்கள் வந்தார்கள், போனார்கள். மேயர்கள் வந்தார்கள், போனார்கள். இடம் மட்டும் வரவில்லை. 2022ல் அங்கீகாரமே ரத்து! மிருகங்களை வனத்துறை மூலம் வேறு இடங்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. புள்ளிமான்கள் 2024ல் சிறுவாணி அடிவாரக் காட்டுக்குப் போயின.

மான்களுக்கு அது விடுதலை. ஆனால் ஊருக்கு? கோவை போன்ற பெரிய நகரத்துக்கே ஒரு மிருகக்காட்சி சாலையைக் காப்பாற்ற முடியவில்லை என்றால், மற்ற ஊர்கள் சும்மா இருக்கலாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ல் வந்தது. 1991ல் அதைத் திருத்தி, மிருகக்காட்சி சாலைகளுக்கென்று தனி அத்தியாயம் சேர்த்தார்கள். 1992ல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் வந்தது. 38-எச் பிரிவுப்படி, இதன் அங்கீகாரம் இல்லாமல் யாரும் மிருகக்காட்சி சாலை நடத்தக் கூடாது. மாநகராட்சியானாலும் சரி, மகாராஜா ஆனாலும் சரி.

கூண்டின் அளவு, மிருக வைத்தியம், நீண்ட காலத் திட்டம், வாரம் ஒருநாள் விடுமுறை என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. ஆணையத்தின் ஆட்கள் வந்து பார்த்து மார்க் போடுவார்கள். திருந்தாவிட்டால் கோவைக்கு நடந்ததுதான்.

பார்க்கப் போகிறவர்களுக்கும் சட்டம் உண்டு, தெரியுமா? 38-ஜே பிரிவு. மிருகத்தைச் சீண்டுவது, கல் விடுவது, தின்பண்டம் போடுவது, கூச்சல் போடுவது, குப்பை போடுவது எல்லாமே குற்றம். ஆறு மாதம் வரை ஜெயிலில் போடலாம். "சும்மா ஒரு வாழைப்பழம் போட்டேன் சார்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

மைசூர் எப்படி நிமிர்ந்தது?

நம்ம பக்கத்து ஜனங்கள் டூரிஸ்ட் பஸ்ஸில் போய் வாயைப் பிளந்து பார்க்கும் மைசூர் மிருகக்காட்சி சாலையும் ஒரு காலத்தில் ஆட்டம் கண்டதுதான்.

1892ல் மகாராஜா சாமராஜேந்திர உடையார் தொடங்கியது. 1972ல் கர்நாடக வனத்துறை கைக்கு வந்தது. 1979ல் இதற்கென்றே ஒரு தனி ஆணையம் அமைத்தார்கள். மிருகக்காட்சி சாலை வேலைக்கு மட்டும் ஒரு அமைப்பு.

அங்கேயும் சோதனை வந்தது. 2004ல் யானைகள் அடுத்தடுத்துச் செத்தன. விஷம் என்று தெரிந்ததும் ஊரே கொதித்தது. விசாரணை, நடவடிக்கை என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வந்தது. அப்படி ஒரு அடி விழுந்தும் பூங்கா எழுந்து நின்றது. காரணம், டிக்கெட் காசு பூங்காவுக்கே திரும்பி வருகிறது. ஜனங்கள் மிருகங்களைத் தத்து எடுக்கிறார்கள். ஒரு கிளிக்கும் தத்து உண்டு, யானைக்கும் உண்டு. கொரோனாவில் கேட் மூடி வசூல் நின்றபோது நன்கொடை வந்து கைகொடுத்தது.

தமிழ்நாட்டிலும் உயிரியல் பூங்காக்களுக்கு ஒரு ஆணையம் உண்டு. ஆனால் சோதனை வரும்போது பெரிய பூங்காவே திணறும். 2021 ஜூன் மாதம் வண்டலூரில் சிங்கங்களுக்கே கொரோனா வந்து இரண்டு சிங்கங்கள் செத்தன. டாக்டர்களும் லேபும் பக்கத்தில் இருக்கிற வண்டலூருக்கே அந்தக் கதி என்றால், குட்டிப் பூங்கா எங்கே போகும்?

வெளிநாட்டிலும் இதே பாடு

அர்ஜென்டினா தலைநகர் போனஸ் அயர்சில் 140 வருஷத்துப் பழைய மிருகக்காட்சி சாலை. தனியார் கையில் இருந்தது. 2016ல் நகர நிர்வாகம் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. "இனி கூண்டு வேண்டாம்" என்று மிருகங்களை வெளியே அனுப்ப ஆரம்பித்தது. சாண்ட்ரா என்ற மனிதக்குரங்கு 2019ல்தான் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. நிர்வாகம் மாறின பிறகும் மூன்று வருஷம்! கையெழுத்துப் போட ஒரு நிமிஷம் போதும். மிருகத்துக்கு ஒரு நல்ல இடம் கிடைக்க வருஷக் கணக்காகும்.

குரும்பப்பட்டிக்கு என்ன வேண்டும்?

குரும்பப்பட்டி சேலம் வனக்கோட்டத்தின் கையில் இருக்கிறது. கோட்ட ஆபீசருக்கு இது ஒரு வேலையா? கோடையில் சேர்வராயன் மலையில் தீப்பிடித்தால் ஓட வேண்டும். சந்தனக்கட்டை வெட்டினால் ஓட வேண்டும். ஏற்காட்டில் காட்டெருமை ஊருக்குள் வந்தால் ஓட வேண்டும். இதற்கு நடுவில் மானுக்குப் புல் வந்ததா, முதலைக் குட்டையில் தண்ணீர் மாற்றினார்களா என்றும் பார்க்க வேண்டும். பாதி விஷயம் பிடிபடும்போது டிரான்ஸ்பர் ஆர்டர் வந்து நிற்கும்.

மஞ்சள் நட்டால் வெட்ட ஒன்பது, பத்து மாதம் ஆகும் என்று நாமகிரிப்பேட்டைக் குழந்தைக்கும் தெரியும். நடுகிறவன் ஒருவன், தண்ணி கட்டுகிறவன் வேறொருவன், வெட்டுகிறவன் மூன்றாம் ஆள் என்றால் ஏலத்துக்கு என்ன வரும்? ஒரு பூங்காத் திட்டம் பத்து வருஷப் பயிர்.

புலி, சிறுத்தை என்று வந்தால் செலவும் வரும். ஒரு புலிக்கு ஒரு வேளைக்கு ஏழெட்டுக் கிலோ இறைச்சி வேண்டும். இரும்புக் கம்பியும் அகழியும் வேண்டும். ராத்திரி காவல் வேண்டும். கூப்பிட்ட குரலுக்கு வருகிற மிருக டாக்டர் வேண்டும். மான் விஷயமும் லேசு இல்லை. புள்ளிமான் மளமளவென்று பெருகும். ஆணையும் பெண்ணையும் பிரித்து வைக்காவிட்டால் நாலு வருஷத்தில் கொட்டடி நிரம்பி வழியும். இடநெருக்கடியில் ஒன்றை ஒன்று முட்டிச் சாகும்.

ஆகவே வேண்டியது இதுதான்:

ஒன்று. பூங்காவுக்கென்று முழுநேரப் பொறுப்பு அதிகாரி. வேறு வேலை கிடையாது. குறைந்தது ஐந்து வருஷம் மாற்றக் கூடாது.

இரண்டு. அங்கேயே தங்கியிருக்கும் மிருக டாக்டர். மிருகங்களைப் பராமரிக்கும் ஊழியர்களுக்குப் பயிற்சி, நிரந்தர வேலை, இன்ஷூரன்ஸ். கூண்டுக்குள் போகிறவன் அவன்தான். 2019ல் செத்ததும் அப்படிப்பட்ட ஒருவர்தான்.

மூன்று. குரும்பப்பட்டியில் வசூலாகும் டிக்கெட் காசு குரும்பப்பட்டிக்கே செலவாக வேண்டும். கணக்கை வாசலில் போர்டில் எழுதிப் போட வேண்டும். சேலத்து ஜவுளிக்கடைக்காரர்களும், ராசிபுரம் நெய் வியாபாரிகளும், நாமக்கல் லாரி, கோழிப்பண்ணை முதலாளிகளும் ஆளுக்கொரு மிருகத்தைத் தத்து எடுக்கலாம்.

நாலு. முதலில் கூண்டு, ஆள், டாக்டர், தண்ணீர். கடைசியில்தான் புலி. வரிசை மாறினால் வினை.

குரும்பப்பட்டிக்கு இடம் இருக்கிறது. மலை அடிவாரம், காடு, நிழல் எல்லாம் இருக்கிறது. கோவைக்கு இல்லாமல் போன கொடுப்பினை இது. ஆபீசர்கள் வருவார்கள், போவார்கள். மாலை போட்டு வரவேற்பார்கள், மாலை போட்டு வழி அனுப்புவார்கள். மானுக்கும் முதலைக்கும் டிரான்ஸ்பர் கிடையாது.

வனத்துறை மேலிடம் கவனிக்குமா? இல்லை, இன்னொரு உயிர் போன பிறகுதான் ஃபைல் நகருமா?

—நமது நிருபர்