உங்களுக்குத் தெரியுமா? உலகம் சுற்றும் ‘மிஸ் கேரளா’

கேரளத்தின் ஏலப்பாறையிலிருந்து மலைச்சாலையில் இறங்கினால் அடிவாரத்தில் வரும் ஊர் முண்டக்கயம். உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் நீந்தும் ஓர் அழகு மீன், அறிவியலுக்கு அறிமுகமானது இங்கிருந்துதான்!

● 1865இல் இதை விவரித்தவர் மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரையே மீனுக்குச் சூட்டினார்.

● வெள்ளி உடல், மூக்கிலிருந்து ஓடும் சிவப்புக் கோடு, அதன்கீழ் கறுப்புப் பட்டை. வியாபாரிகள் வைத்த செல்லப்பெயர் ‘மிஸ் கேரளா’.

● மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை.

● 2005–2012இல் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான, அழிவு அச்சுறுத்தலில் உள்ள நன்னீர் மீன்கள் 15 லட்சத்துக்கும் மேல். அவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதுவும் சாலக்குடி ஆற்றில் வாழும் இதன் உறவினமும்தான்.

● 2008இல் கேரள அரசு இதைப் பிடிக்கக் கட்டுப்பாடுகள் விதித்தது.

● வண்ணமீன் வணிகத்தில் நன்னீர் மீன்கள் பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்தவை. கடல் மீன்களோ பெரும்பாலும் பவளப்பாறைகளில் பிடிபட்டவை. ‘மிஸ் கேரளா’வையும் இன்று பண்ணைகளில் இனப்பெருக்கம் செய்கிறார்கள். வாங்குமுன், “பண்ணை மீனா, ஆற்று மீனா?” என்று கேளுங்கள்.