வீட்டில் பெட்டி, நிறுவனத்திடம் திறப்பு

2010ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் திகதி சோனி நிறுவனம் தனது பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்கு 3.21 என்று இலக்கமிட்ட மென்பொருள் புதுப்பிப்பு ஒன்றை வெளியிட்டது. வழமையாக இத்தகைய புதுப்பிப்புகள் எதையாவது கூட்டித் தருபவை. இது ஒன்றைப் பறித்தது. ஆரம்பகால பிளேஸ்டேஷன் 3 கருவிகளில் லினக்ஸ் போன்ற வேறொரு இயங்குதளத்தையும் நிறுவிக்கொள்ளலாம். விற்கும்போது நிறுவனமே எடுத்துச் சொன்ன வசதி அது. அமெரிக்க விமானப்படை 1,700க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 3 கருவிகளை ஒன்றாக இணைத்து ஒரு மீத்திறன் கணினியை உருவாக்கியதும் இந்த வசதியை நம்பித்தான். 3.21 அந்த வசதியை நீக்கியது.

பாதுகாப்பே காரணம் என்று நிறுவனம் சொன்னது. புதுப்பிப்பை நிறுவாமல் விடுவதற்குப் பாவனையாளருக்கு உரிமை இருந்தது. ஆனால் நிறுவாவிட்டால் கருவியின் இணையச் சேவைக்குள் நுழைய முடியாது. அந்தப் பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ கோரும் புதிய விளையாட்டுகள் இயங்காது. அதேபோல் கோரும் புளூ-ரே திரைப்பட இறுவட்டுகளும் ஓடாது. காசு கொடுத்து வாங்கிய ஒரே கருவியின் இரண்டு வசதிகளில் எது வேண்டும் என்று, வாங்கி ஆண்டுகள் கழிந்த பிறகு, உரிமையாளரிடம் கேட்கப்பட்டது. அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கு 2018இல் 37.5 இலட்சம் டொலர் இணக்கத்துடன் முடிவுக்கு வந்தது. ஒருவருக்குக் கிடைக்கக்கூடியதாகச் சொல்லப்பட்ட உச்சத் தொகை 65 டொலர். நீக்கப்பட்ட வசதி திரும்பி வரவில்லை.

விளையாட்டுக் கருவி பற்றிய இந்தப் பழைய கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம்மில் பலரிடம் இறந்தவர்களின், காணாமலாக்கப்பட்டவர்களின் முகங்கள் சில காணொளிகளில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. ஒரு காணொளி திரையில் ஓடுமா ஓடாதா என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்விக்கு, இந்தக் கருவிகளின் கதை தெளிவான பதிலைத் தருகிறது.

விளையாட்டுப் பெட்டி படப் பெட்டியான விதம்

2000ஆம் ஆண்டு மார்ச்சில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 வெளிவந்தபோது, அது டிவிடி இறுவட்டுகளையும் ஓட்டியது. தனி டிவிடி பிளேயர்கள் விலைகூடியிருந்த காலம் அது. படம் பார்ப்பதற்காகவே அதை வாங்கியவர்களும் இருந்தார்கள். 2006 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3 அடுத்த படியாகப் புளூ-ரேயை வீட்டுக்குள் கொண்டுவந்தது. எதிர்த்தரப்பில் தொஷிபாவின் எச்டி டிவிடி நின்றது. மைக்ரோசொப்ட் தனது எக்ஸ்பொக்ஸ் 360 கருவிக்கு எச்டி டிவிடி ஓட்டும் துணைக்கருவியைத் தனியாக விற்றது. 2008 பெப்ரவரியில் தொஷிபா போட்டியிலிருந்து விலகியது. எச்டி டிவிடியில் படங்கள் வாங்கிச் சேர்த்தவர்களிடம் மிஞ்சியது, இனி யாரும் செய்யப்போகாத ஒரு பிளேயரை நம்பியிருக்கும் இறுவட்டுகள்.

பிளேஸ்டேஷன் 3இன் சிறப்பு, வாங்கிய நாளில் இருந்ததைவிடக் காலம் போகப்போகக் கூடுதலாகச் செய்யக் கற்றுக்கொண்டது. 2007 மே மாதம் வந்த 1.80 பதிப்பு, பழைய டிவிடி படங்களைப் பெரிய திரைக்கேற்ற துல்லியத்துக்கு உயர்த்திக் காட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 2.10, டிவ்எக்ஸ் காணொளிகளை ஓட்டியது. 2008 மார்ச்சில் வந்த 2.20, இணையத்தோடு இணைந்த புளூ-ரே வசதிகளைத் தந்தது. 2010 செப்டம்பரில் வந்த 3.50, முப்பரிமாணப் புளூ-ரே படங்களையும் காட்டியது. வன்பொருளில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. மாறியதெல்லாம் மென்பொருள்.

எல்லாப் புதுப்பிப்பும் நல்லபடி முடியவில்லை. 2008 யூலையில் வந்த 2.40ஐ நிறுவிய சிலருடைய கருவிகள் இயங்க மறுத்தன. நிறுவனம் அதை மீளப்பெற்று, சில நாட்களில் 2.41ஐ வெளியிட்டது.

உறையும் கடிதமும்

பென்ட்ரைவில் இருக்கும் ஒரு காணொளி கணினியில் ஓடுகிறது, தொலைக்காட்சியில் ஓடவில்லை. அல்லது படம் வருகிறது, சத்தம் வரவில்லை. இது பலருக்குத் தெரிந்த தலையிடி. இதை விளங்கிக்கொள்ள ஒரு கடிதத்தை நினைத்துக்கொள்ளலாம்.

கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் ஏவிஐ, எம்பி4, எம்கேவி என்பவை கடித உறைகள் மட்டுமே. உறைக்குள் படம் ஒரு தாளாகவும் சத்தம் இன்னொரு தாளாகவும் இருக்கின்றன. அந்தத் தாள்கள் எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதைத்தான் கொடெக் என்கிறார்கள். எம்பெக்-2, டிவ்எக்ஸ், எச்.264 என்பவை படத்துக்கான மொழிகள். எம்பி3, ஏஏசி, டிடிஎஸ் என்பவை சத்தத்துக்கானவை. உறையைத் திறக்கத் தெரிந்த கருவிக்குப் படத்தின் மொழி தெரிந்து சத்தத்தின் மொழி தெரியாவிட்டால், ஊமைப்படம் ஓடும். உறையையே திறக்கத் தெரியாவிட்டால், உள்ளே தெரிந்த மொழி இருந்தும் பயனில்லை. பிளேஸ்டேஷன் 3 எச்.264ஐ நன்றாகவே வாசிக்கும். அதே எச்.264 எம்கேவி உறைக்குள் வந்தால் அதற்குக் கோப்பே விளங்காது. கடைசிவரை அந்த உறையை அது கற்றுக்கொள்ளவில்லை.

ஒரு மொழியைக் கற்பிப்பது அவ்வளவு கடினமா? தொழில்நுட்ப ரீதியில் பெரும்பாலும் இல்லை. ஆனால் இந்த மொழிகளில் பலவற்றுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் உரிமக் கட்டணம் கொடுக்கவேண்டி வரும். அதனால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது ஒரு வியாபாரக் கணக்கு. 2007 டிசம்பரில் எக்ஸ்பொக்ஸ் 360க்கும் டிவ்எக்ஸ் வசதி வந்தது. ஒரே மாதத்தில் இரு போட்டியாளர்களும் அதே வசதியைத் தந்தது தற்செயலாக இருக்காது. மக்களின் கணினிகளில் அக்காலத்தில் நிறைந்திருந்தவை டிவ்எக்ஸ் வகைக் காணொளிகள்தான்.

இன்னொரு தடை சேமிப்புக் கருவியில் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 3, ஃபட்32 முறையில் வடிவமைக்கப்பட்ட பென்ட்ரைவை மட்டுமே வாசிக்கும். அந்த முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு தனிக் கோப்பை வைக்க முடியாது. காணொளியில் எந்தக் குறையும் இல்லாமலே அது ஓடாமற்போக இதுவும் ஒரு காரணம்.

புதியது பழையதைவிடக் குறைவாகச் செய்தபோது

2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது பலர் எதிர்பார்த்தது, பழையது செய்ததையெல்லாம் புதியது செய்யும் என்று. அப்படி நடக்கவில்லை. பெட்டியைப் பிரித்த நாளில் அது டிவிடியையோ புளூ-ரேயையோ ஓட்டவில்லை. அதற்கு முதலில் இணையத்தில் இணைந்து 1.50 பதிப்பை இறக்கவேண்டியிருந்தது. பென்ட்ரைவில் இருக்கும் காணொளியை ஓட்டும் வசதி இருக்கவில்லை. வீட்டுக் கணினியில் இருக்கும் படத்தை வலையமைப்பு வழியாகத் தொலைக்காட்சியில் பார்க்கும் வசதியும் இருக்கவில்லை. பாவனையாளர்களின் முறைப்பாடுகளுக்குப் பின்னர், 2015 யூனில்தான் இவற்றைச் செய்யும் மீடியா பிளேயர் வந்தது. அது எம்கேவியையும் திறந்தது.

ஒரு வசதி மட்டும் வரவேயில்லை. பிளேஸ்டேஷன் 4இன் இறுவட்டு வாசிப்பான் சீடிகளை வாசிப்பதே இல்லை. விசிடியில் எடுத்த ஒரு கலியாண வீட்டுக் காணொளியை அதில் போட்டால் எதுவும் நடக்காது.

திறப்பு மாறும் பூட்டு

புளூ-ரே இறுவட்டில் படம் பூட்டப்பட்ட நிலையில் இருக்கிறது. ஓட்டும் கருவியிடம் அதற்கான இலக்கமுறைத் திறப்பு இருக்கவேண்டும். ஏதாவது ஒரு பிளேயரின் திறப்பு வெளியே கசிந்தால், அதன்பின் அச்சிடப்படும் இறுவட்டுகள் அந்தத் திறப்புக்குத் திறக்காதபடி செய்ய முடியும். ஆகவே கருவிகளின் திறப்புகளும் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படுகின்றன. 2006இல் சந்தைக்கு வந்த பிளேஸ்டேஷன் 3க்கு, 2023இலும் புளூ-ரே திறப்பைப் புதுப்பிப்பதற்காக ஒரு மென்பொருள் வந்தது. நிறுவனம் அதை நிறுத்தும் நாளிலும் பழைய இறுவட்டுகள் ஓடும். அதற்குப் பிறகு புதிய திறப்போடு வருபவை அந்தக் கருவிக்கு மூடிய கதவுகளாகலாம்.

இறுவட்டே இல்லாமல் இணையக் கடையில் வாங்கிய படங்களின் நிலைமை இன்னும் மோசம். பிளேஸ்டேஷன் கடை 2021 ஓகஸ்ட் 31உடன் படங்கள் விற்பதை நிறுத்தியது. வாங்கியவற்றைத் தொடர்ந்து பார்க்கலாம் என்று அப்போது சொல்லப்பட்டது. சரியாக ஓர் ஆண்டு கழித்து, 2022 ஓகஸ்ட் 31ஆம் திகதி, ஸ்டூடியோகனால் நிறுவனத்துடனான உரிம ஒப்பந்தம் காரணமாக ஜேர்மனியில் 314 படங்களும் ஒஸ்திரியாவில் 137 படங்களும் அவற்றை வாங்கியிருந்தவர்களின் நூலகங்களிலிருந்து அகற்றப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 2023 டிசம்பரில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளுக்கும் இதே முடிவு வந்தது. எதிர்ப்பு எழுந்த பின் அந்த முடிவு கைவிடப்பட்டது. ஆனால் கிடைத்த உத்தரவாதம் குறைந்தது 30 மாதங்களுக்கு மட்டுமே. 'வாங்கு' என்று எழுதியிருந்த பொத்தானை அழுத்தியவர்கள், உண்மையில் காலம் குறிப்பிடாத வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

நம் கையில் இருப்பவை

ஹொலிவூட் படம் ஒன்று போனால் வேறொரு வழியில் அதைத் திரும்ப வாங்கலாம். வீட்டுக் காணொளிக்கு இரண்டாவது பிரதி கடையில் கிடைக்காது. போரில் வீடுகளோடு அல்பங்களும் போயின. இடப்பெயர்வுகளுக்குத் தப்பியது பெரும்பாலும் தற்செயல்: வெளிநாட்டில் இருந்த சித்தப்பாவுக்கு முன்னரே அனுப்பிய ஒரு விசிடி, யாரோ கையடக்கத் தொலைபேசியில் எடுத்த ஒரு பிறந்தநாள், ஒரு செத்தவீட்டு டிவிடி. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் தாய்மார் ஏந்தியிருக்கும் படங்களைப் பார்த்தவர்களுக்கு, ஒரு முகத்தின் பதிவு நினைவாகவும் சான்றாகவும் இருக்கிறது என்பதை விளக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட பதிவு ஓடுவதை ஒரு கருவியின் அடுத்த பதிப்பிடம் விட்டுவைக்க முடியாது.

செய்யவேண்டியவை சிக்கலானவை அல்ல. இறுவட்டுகளை, அவை இன்னமும் வாசிக்கப்படும்போதே, கணினிக்கு மாற்றுங்கள். எழுதக்கூடிய சீடி, டிவிடிகளின் சாயப்படை காலத்தோடு பழுதாகும். சீடி வாசிப்பான் உள்ள கணினிகளும் அரிதாகி வருகின்றன. விசிடியில் டிஏடி என்று முடியும் கோப்பையும், டிவிடியில் விஓபி என்று முடியும் கோப்புகளையும் அப்படியே பிரதி எடுங்கள். அவற்றின் உள்ளே இருப்பது எம்பெக் வகைக் காணொளிதான். விஎல்சி என்ற இலவச மென்பொருள் அவற்றை ஓட்டும். பாரிஸில் மாணவர் திட்டமாகத் தொடங்கிய அதன் மூலநிரல் யாவருக்கும் திறந்திருக்கிறது. ஒரு நிறுவனம் கைவிட்டாலும் மற்றவர்கள் தொடரலாம்.

தொலைக்காட்சியிலும் தொலைபேசியிலும் பார்ப்பதற்கு எம்பி4 உறையில் எச்.264 படமும் ஏஏசி சத்தமும் கொண்ட ஒரு பிரதியைச் செய்துகொள்ளுங்கள். இன்று மிகப் பெரும்பாலான கருவிகள் வாசிக்கும் மொழி அதுதான். ஆனால் மூலக் கோப்பை அழிக்கவேண்டாம். ஒவ்வொரு மாற்றத்திலும் படத்தின் தரம் சிறிது குறைகிறது. நாளை வரும் நல்ல கருவிக்கு மூலம்தான் தேவைப்படும்.

பிரதிகள் வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும். ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம், முடிந்தால் ஒன்று கடல் கடந்து. நம் குடும்பங்கள் சிதறியது நாம் விரும்பி அல்ல. இந்த ஒரு வேலைக்காவது அந்தச் சிதறல் உதவட்டும். படத்தில் இருப்பவர் யார், எங்கே, எந்த ஆண்டு என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். அதைச் சொல்லக்கூடியவர் இன்று வீட்டில் இருக்கிறார் என்றால், இன்றைக்கே கேட்டு எழுதுங்கள். எந்த மென்பொருள் புதுப்பிப்பும் பின்னர் சேர்த்துத் தர முடியாத தகவல் அது.