பழைய டிராக்டருக்கு எந்த ‘தொண்ணூறு’ ஆயில்?

போன மாசம் திருப்பராய்த்துறையிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். “ஹைட்ராலிக் உறுமுதுடா. கலப்பையை விட்டு விட்டுத்தான் தூக்குது. வரும்போது மன்னார்புரத்துல தொண்ணூறு ஆயில் ஒரு கேன் வாங்கிட்டு வா.” வண்டி பழைய மாஸி 1035. அவருடைய வாழைக்கும் நெல்லுக்கும் அது ஒண்ணுதான்.

கடைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஜிஎல்-4 ஆ, ஜிஎல்-5 ஆ சார்?” எனக்குப் பதில் தெரியவில்லை. பெரிய நம்பர்தான் ஒசத்தியா இருக்கும் என்று 5 வாங்கப் பார்த்தேன். நல்லவேளை, வாங்காமல் வீட்டுக்கு வந்து படித்தேன். படித்ததில் தேறியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த 90. இது எண்ணெயின் தடிமனை மட்டும் சொல்லும் எண். கியர் ஆயிலுக்கும் இன்ஜின் ஆயிலுக்கும் தனித்தனி அட்டவணை உண்டு. 100 டிகிரி செல்சியஸில் 90 கியர் ஆயிலின் பாகுநிலை 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை. 50 நம்பர் இன்ஜின் ஆயிலுக்கு 16.3 முதல் 21.9 வரை. ஆக, 50ஐ விட 90 கெட்டி என்று நினைப்பது தப்பு.

ஜிஎல் என்பது வேறு கணக்கு. பல்லும் பல்லும் அழுந்தித் தேயாமல் இருக்க கந்தகம், பாஸ்பரஸ் கலந்த சேர்மானம் போடுகிறார்கள். ஜிஎல்-5ல் அது ஜிஎல்-4ஐ விட ரொம்ப அதிகம். அது கார், லாரிகளின் ஹைபாய்டு டிஃபரன்ஷியலுக்காக வந்த தரம். சூடேறும்போது சில ஜிஎல்-5 ஆயில்களின் சேர்மானம் பித்தளை, வெண்கல புஷ்களை அரிக்கக்கூடும். அதனால் கையேட்டில் 4 என்று போட்டிருந்தால் 5 ஊற்றுவது முன்னேற்றம் இல்லை.

ஆனால் சித்தப்பா வண்டியில் விஷயம் இதோடு முடியவில்லை. சென்னையில் 1960ல் தொடங்கிய டாஃபே, மாஸி ஃபெர்குசன் கூட்டுறவில் டிராக்டர் செய்ய ஆரம்பித்தது. 1035 அந்த ஃபெர்குசன் வழி வந்த வண்டி. ஹாரி ஃபெர்குசனின் அமைப்பில் கலப்பையைத் தூக்கும் பம்ப் தனியாக இருக்காது; பின்பக்கப் பெட்டிக்குள் எண்ணெயில் மூழ்கியே கிடக்கும். கியர், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். கியருக்குத் தடிமனும் பலமும் வேண்டும். பம்புக்கோ சல்லடை வழியாகத் தடையில்லாமல் உறிஞ்ச முடிய வேண்டும், நுரைக்கவும் கூடாது. இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி செய்வதுதான் யூடிடிஓ எனப்படும் டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயில். பிரேக்கும் எண்ணெயில் மூழ்கியிருக்கும் வண்டி என்றால் ‘வெட் பிரேக்’குக்கு ஏற்றது என்று கேனில் எழுதியிருக்க வேண்டும், சாதா கியர் ஆயில் ஊற்றினால் பிரேக் பிடிக்கும்போது கத்தும், உதறும்.

ஞாயிற்றுக்கிழமை போய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால், காபியில் பால் விட்ட நிறம்! எண்ணெயில் தண்ணி. சந்தேகம் தீர ஒரு சொட்டைச் சூடான தோசைக்கல்லில் விட்டோம், படபடவென்று பொரிந்தது. (பழைய கல்லில் செய்யுங்கள், சித்தி திட்டினார்.) கேஜ் வீல் மாட்டிச் சேத்துழவு ஓட்டும் வண்டிகளில் இது சகஜம். கியர் லீவர் அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்தது. மழையும் வண்டி கழுவும் தண்ணியும் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கிறது.

மாற்றியது இப்படி: கால் மணி நேரம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்கினோம். லிஃப்டை முழுக்க இறக்கினோம்; இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் பழையது தங்கிவிடும். இந்த வண்டியில் டிரெய்ன் பிளக் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. ஒன்றை மட்டும் கழற்றினால் பாதி உள்ளேயே நிற்கும். பம்ப் சல்லடையைக் கழுவினோம். புதுசு ஊற்றி, லிஃப்டைப் பத்து தடவை ஏற்றி இறக்கி, மறுபடி அளவு பார்த்து நிரப்பினோம். டீசல் ஊற்றி அலசலாம் என்றார் பக்கத்து வயல்காரர். உள்ளே தங்கும் டீசல் புது எண்ணெயை நீர்க்கடித்துவிடும் என்பதால் செய்யவில்லை. வடித்ததை வாய்க்காலில் விடாதீர்கள்; 2016 விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்தோம்.

கிட்டத்தட்ட முப்பது லிட்டர் போனது. வாழைத்தார் விலை விழுந்திருக்கும் நேரத்தில் சித்தப்பாவுக்கு அது பெரிய செலவு. ஆனால் அதற்கெல்லாம் காரணம் அந்தக் கிழிந்த ரப்பர்தான். அதை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த நடவுக்குள் திரும்பவும் பால் காபிதான்.

இப்போது கலப்பை ஒரே மூச்சில் தூக்குது. உங்கள் வண்டி வேறு மாடல் என்றால் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்காதீங்க. கையேட்டில் போட்டிருக்கும் தரத்தை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்க. “தொண்ணூறு கொடுங்க” என்று மட்டும் கேட்காதீங்க.