பென்குவின் நடையும் நம் முழங்காலும்

பென்குவின் நடப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அடிக்கு அடி உடம்பு முழுவதும் இடமும் வலமுமாகச் சாய்கிறது. அதே எடையுள்ள மற்ற விலங்குகளோடு ஒப்பிட்டால், நடப்பதற்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தியைச் செலவழிக்கிறது. அந்த ஆட்டம்தான் காரணம் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள்.

டிமோதி கிரிஃபின், ராஜர் கிராம் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், சான் டியேகோவில் வளர்க்கப்பட்ட எம்பரர் பென்குவின்களை விசையை அளக்கும் தட்டின் மேல் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். 2000-இல் 'நேச்சர்' இதழில் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது. ஒரு பக்கம் சாயும்போது சேரும் ஆற்றல், ஊசலில் நடப்பதுபோல, அடுத்த அடிக்கு உடலைத் தூக்க உதவுகிறது. இப்படி 80 விழுக்காடு வரை ஆற்றல் மீள்கிறது. மனிதருக்கு இது 65 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. சக்தி செலவாவதற்குக் காரணம் ஆட்டம் அல்ல, குட்டைக் கால்கள். கால் குட்டையானால் ஒவ்வோர் அடியிலும் அது தரையில் ஊன்றியிருக்கும் நேரம் குறைகிறது. தசைகள் அவசர அவசரமாக விசையை உண்டாக்க வேண்டியிருக்கிறது.

இதே கிரிஃபின் பின்னர் எலிகளின் முழங்கால் மூட்டை ஆராயப் போனார். உடல் எடைக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் என்ன உறவு என்பது அவர் கேள்வி. வெளியே தெரிவது ஒன்று, உண்மைக் காரணம் வேறொன்று என்பது அங்கும் நடந்தது.

படி இறங்கும்போது

முதலில் எடைக் கணக்கைப் பார்ப்போம். முழங்காலில் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் உரசாமல் காப்பது குருத்தெலும்பு. சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ஆகவே அது கெடத் தொடங்கும்போது வலிப்பதில்லை. சுற்றியுள்ள எலும்பும் சவ்வும் பாதிக்கப்பட்ட பிறகே வலி தெரிகிறது.

செயற்கை மூட்டுக்குள் உணர்கருவி வைத்து, நோயாளிகளை நடக்கச் சொல்லி நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போது முழங்காலில் விழும் விசை உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது மூன்றரை மடங்கை நெருங்குகிறது. 80 கிலோ உள்ளவர் மாடியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு படியிலும் அவர் மூட்டு தாங்குவது 280 கிலோ அளவுக்கு. தரையிலிருந்து வரும் விசை மூட்டின் நடுவே போவதில்லை, சற்று விலகிப் போகிறது. அதைச் சமன்செய்ய, மூட்டை ஒட்டியிருக்கும் தசைகள் பல மடங்கு இழுத்தாக வேண்டும். அந்த இழுப்பும் சேர்ந்தே மூட்டை நசுக்குகிறது.

இதனால்தான் எடை குறைப்பின் பலனும் பெருகி வருகிறது. அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் மெஸ்ஸியர் குழு 2005-இல் காட்டியது இது: ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறைகிறது.

அப்படியானால் கைவிரல் ஏன்?

எடை அழுத்துகிறது, மூட்டு தேய்கிறது. கணக்கு முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் பருமனானவர்களுக்குக் கைவிரல் மூட்டுத் தேய்மானமும் அதிகம் வருகிறது. விரல்களால் யாரும் நடப்பதில்லையே!

கிரிஃபினும் ஃபர்ஷித் குய்லாக்கும் டியூக் பல்கலைக்கழகத்தில் சில எலிகளை எடுத்துக்கொண்டார்கள். பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் சுரக்காத, அல்லது சுரந்தாலும் வேலை செய்யாத எலிகள் அவை. கொழுகொழுவென்று ஊதிவிடும். எடைதான் குற்றவாளி என்றால் இவற்றின் முழங்கால்கள் நொறுங்கியிருக்க வேண்டும். 2009-இல் வெளியான முடிவில், அப்படி எதுவும் நடக்கவில்லை. லெப்டின் கொழுப்பணுக்களிலிருந்தே வருவது. பசியோடு நிற்காமல் உடலின் அழற்சியையும் தூண்டுவது. ஆகவே எடையைவிட அதன் மேல்தான் சந்தேகம் விழுந்தது.

2021-இல் குய்லாக் குழு இன்னும் ஒரு படி போனது. உடம்பில் கொழுப்புத் திசுவே இல்லாத எலிகளை உருவாக்கி, முழங்கால் ஜவ்வைச் சிதைத்தார்கள். சாதாரண எலிக்கு இது போதும், மூட்டு தேய்ந்துவிடும். கொழுப்பில்லாத எலிக்குத் தேயவில்லை. கொஞ்சம் கொழுப்புத் திசுவை உடலில் பதித்ததும் அதற்கும் தேய்மானம் வந்தது. அந்தச் சிறு துண்டின் பாரமா மூட்டை நசுக்கியிருக்கும்? அது ரத்தத்தில் விடும் வேதிப்பொருள்களையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. எலியில் கண்டது மனிதனுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கைவிரல் புதிருக்கு இதைவிடப் பொருத்தமான விடையாக எனக்கு வேறெதுவும் தெரியவில்லை.

எடையைவிடக் கொழுப்பே காரணமாக இருக்கலாம் என்பதால், எடைமெஷினை மட்டும் நம்பக்கூடாது. கை கால் ஒல்லியாகவும் தொப்பை முன்தள்ளியும் இருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். இந்தியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல்பருமன் என்று மருத்துவர்கள் கணக்கிடுவதும் இதையொட்டித்தான்.

நாய்களின் சாப்பாட்டுக் கணக்கு

சாப்பாட்டைக் குறைத்தால் மூட்டு தப்புமா என்பதை நாய்களிடம் பார்த்திருக்கிறார்கள். லேப்ரடார் நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு சகஜம். பியூரினா நிறுவனம் 48 குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக ஆயுள் முழுதும் சாப்பாடு போட்டது. மூட்டு நோய்க்கு மருந்து தேவைப்பட்ட வயது, நிறையச் சாப்பிட்டவற்றுக்கு சுமார் 10. குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு 13. ஆயுளும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடியது. அடுக்குமாடி வீட்டில் லேப்ரடாரை வைத்துக்கொண்டு, அது பார்க்கும் பார்வைக்கு இரங்கி பிஸ்கட் போட்டுக்கொண்டே இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நடக்கலாமா?

"மூட்டு தேய்ஞ்சிருச்சு, இனிமே வாக்கிங் வேண்டாம்" என்று டாக்டர் சொல்கிறாரோ இல்லையோ, பக்கத்து வீட்டார் சொல்லிவிடுவார்கள். தவறான யோசனை. ரத்தக் குழாய் இல்லாத குருத்தெலும்புக்குச் சாப்பாடு மூட்டுத் திரவத்திலிருந்து வருகிறது. அழுந்தி விடுபடும்போது, ஸ்பாஞ்ச் போல, கழிவை வெளியேற்றிச் சத்தை உறிஞ்சுகிறது. அசையாமல் உட்கார்ந்தால் அது பட்டினி. தொடைத் தசையும் சுருங்கும். அது வலுவிழந்தால் மூட்டு இன்னும் ஆடும். கொழுப்புணவு தின்ற எலிகளைச் சக்கரத்தில் ஓடவிட்டபோது, உடல் கொழுப்பு குறையாமலேயே மூட்டுத் தேய்மானம் மட்டுப்பட்டதாக கிரிஃபின் குழு 2012-இல் எழுதியது.

எப்படி நடப்பது என்பதற்கு, பென்குவின் ஆய்வில் இருந்த அதே கிராம் வழி சொல்கிறார். பருமனானவர்கள் மணிக்கு 5.4 கிலோமீட்டருக்குப் பதில் 3.6 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால், முழங்காலைச் சுற்றித் தசைகள் போட வேண்டிய திருப்புவிசையின் உச்சம் 45 விழுக்காடு குறைந்தது. பூங்காவில் விசுக்விசுக்கென்று கை வீசிப் போகிறவரை விரட்ட வேண்டியதில்லை. மெதுவாக, கூடுதல் நேரம் நடங்கள். படியில் ஏறுவதைவிட இறங்குவதே மூட்டுக்குக் கடினம் என்பதால், கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள், லிஃப்ட் இருந்தால் இறங்க மட்டும் பயன்படுத்துங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிச் சில நொடி நிறுத்துவது தொடைத் தசைக்கு எளிய பயிற்சி.

சாப்பாடு, நடை இரண்டையும் சேர்த்துக் கவனித்தால் பலன் கூடுதலாகத் தெரிகிறது. மெஸ்ஸியரின் 18 மாதச் சோதனை ஒன்றில் 454 பேர் கலந்துகொண்டார்கள். உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் குறைந்தது, வலி பாதியானது. எடைக் குறைப்பு ஊசிகளும் இப்போது வந்துவிட்டன. செமக்ளூட்டைடு முழங்கால் வலியைக் குறைப்பதாக 2024-இல் ஆய்வு வெளியாகியிருக்கிறது. விலையும் பக்கவிளைவும் உண்டு. மருத்துவர் எழுதித் தராமல் வேண்டாம்.

மூட்டு திடீரென்று சூடாகி வீங்கினாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ அது சாதாரணத் தேய்மானமாக இல்லாமல் இருக்கலாம். தைலம் தடவிக்கொண்டு காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.